பாதிதான் வேலை செய்யும் ஊசியை எல்லோருக்கும் போடுவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் ஃப்ளூ வருகிறது, நல்ல வருடத்திலேயே அது பாதிக்குப் பாதிதான் பலன் தருகிறது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள், அதையும் வருடாவருடம் போட வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க அரசுகள் ஏன் இதைப் பொது சுகாதாரத் திட்டமாக எடுத்துக்கொண்டு செலவழிக்க வேண்டும்? வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?

கேட்டவர் எடுத்து வைத்திருக்கும் தகவல்கள் எல்லாமே சரி. பரவும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்திய வருடங்களில், மருத்துவரிடம் போக வைக்கிற அளவு ஃப்ளூவை அது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பொருந்தாமல் போன வருடங்களும் உண்டு. 2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அதன் பலன் 20 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. இதையெல்லாம் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் இதிலிருந்து "அரசு ஒதுங்கிக்கொள்ளலாம்" என்ற முடிவுக்குப் போவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஓர் ஊசி ஓர் ஆளுக்கு எவ்வளவு பாதுகாப்புத் தருகிறது என்பது ஒரு கணக்கு. அதே ஊசியை நிறையப் பேர் போட்டுக்கொண்டால் அவர்களுக்கு நடுவே நோய் எப்படி ஓடுகிறது என்பது வேறு கணக்கு. ஃப்ளூ விஷயத்தில் முதல் கணக்கு சுமார்தான். இரண்டாவது கணக்கு நன்றாகவே இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். மூக்கு ஒழுகி, தொண்டை கரகரத்து, இரண்டு மூன்று நாளில் போகும் சளிக்கெல்லாம் நாம் ஃப்ளூ என்று பெயர் வைத்துவிடுகிறோம். உண்மையான ஃப்ளூ வேறு மாதிரி. காலையில் நன்றாக வேலைக்குப் போனவர், உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல வலிக்கிறது என்று மத்தியானமே திரும்பி வருவார். சாயங்காலத்துக்குள் 102, 103 டிகிரி காய்ச்சல், குளிர், கண்ணைத் திறக்க விடாத தலைவலி, வறட்டு இருமல். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள், அசதி மட்டும் இன்னும் சில நாள் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி வருடத்துக்குச் சுமார் 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது. 30 முதல் 50 லட்சம் பேருக்கு அது தீவிரமாகிறது. மூச்சு மண்டலப் பாதிப்பால் மட்டும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள்.

இத்தனை மரணங்கள் நடக்கின்றன என்றால் ஏன் நம் காதில் விழுவதில்லை? சர்க்கரை நோய் உள்ள எழுபது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் காய்ச்சல் அடித்து நான்காம் நாள் இறங்குகிறது. எழுந்து உட்கார்ந்து பேசுகிறார், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆறாம் நாள் மறுபடி குளிர்க் காய்ச்சல். இப்போது சளி மஞ்சளாக, கொஞ்சம் துரு நிறம் கலந்து வருகிறது, பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உட்படலத்தைப் புண்ணாக்கிவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் புண் வழியே தொண்டையில் சும்மா கிடந்த பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் சேர்க்கும்போது கேஸ் ஷீட்டில் "நிமோனியா" என்று எழுதுவார்கள். இறந்துபோனால் சான்றிதழிலும் அதுதான் இருக்கும். ஆறு நாள் முன்பு தொடங்கிய ஃப்ளூவைப் பரிசோதித்தவரும் இல்லை, எழுதியவரும் இல்லை. 1918-ல் உலகத்தையே புரட்டிப்போட்ட பெருந்தொற்றில்கூட பெரும்பாலான உயிர்கள் போனது இப்படித் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவால்தான்.

நுரையீரலோடு இது நிற்பதும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அடுத்த ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்ததைக் காட்டியது. அந்த மாரடைப்புகளும் ஃப்ளூ கணக்கில் ஏறுவதில்லை. அதனால்தான் ஃப்ளூவால் போகும் உயிர்களைச் சான்றிதழ்களை எண்ணிச் சொல்ல முடியாது. ஃப்ளூ பரவும் வாரங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்து மதிப்பிடுகிறார்கள். இதே காரணத்தால் ஊசியின் பலனையும் மாரடைப்பில் தேடிப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்து சிகிச்சை பெற்ற 2,500-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசி. ஒரு வருட முடிவில் போலி ஊசிக் குழுவில் 4.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், ஃப்ளூ ஊசிக் குழுவில் 2.9 சதவீதம். கோவிட் காரணமாக ஆய்வை முன்கூட்டியே நிறுத்த வேண்டி வந்தது உண்மை. ஆனாலும் இதய நோயாளி ஒருவர் தன் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள இந்த ஒன்றே போதும் என்பது என் கருத்து.

சரி, கணக்குக்கு வருவோம். மருத்துவ ஆய்வுகளை எல்லாம் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2018-ல் ஃப்ளூ ஊசி பற்றிய தன் மதிப்பாய்வுகளைப் புதுப்பித்தது. ஆரோக்கியமான பெரியவர்களில், ஒரு பருவத்தில் ஊசி போடாத 100 பேரில் 2.3 பேருக்கு உறுதியான ஃப்ளூ வந்தது. ஊசி போட்டவர்களில் அது 0.9. அதாவது ஒருவருக்கு ஃப்ளூ வராமல் தடுக்க 71 பேருக்குப் போட வேண்டும். முதியவர்களில் 6 சதவீதம் 2.4 ஆகக் குறைந்தது, அங்கே சுமார் 30 பேருக்குப் போட்டால் ஒருவர் தப்பிக்கிறார். குழந்தைகளில் 30 சதவீதம் 11 ஆனது, ஐந்து பேருக்குப் போட்டாலே ஒருவர் தப்பிக்கிறார். ஃப்ளூ ஊசியை வேண்டாம் என்பவர்கள் அந்த 71-ஐ மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வேண்டும் என்பவர்கள் 60 சதவீதக் குறைப்பு என்பார்கள். இரண்டும் ஒரே ஆய்விலிருந்து வருபவை, இரண்டும் உண்மை. முப்பது வயதில் வேறு நோயில்லாத ஒருவர், தன் உடம்பை மட்டும் பார்த்து, "எனக்கு இது அவ்வளவு அவசரமில்லை" என்று சொன்னால் அவரோடு நான் சண்டை போட மாட்டேன்.

ஆனால் அந்த 71-ல் ஒரு விஷயம் சேரவில்லை. தப்பித்த அந்த ஒருவர், தான் தொற்றியிருக்கக்கூடிய மற்றவர்களையும் காப்பாற்றிவிட்டார். அது எவ்வளவு பெரியது என்பது நோய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. தட்டம்மை வந்த ஒருவர், யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். வருடாவருடம் வரும் ஃப்ளூவில் இந்த எண் சராசரியாக 1.3-தான். பத்துப் பேர் பதின்மூன்று பேருக்குக் கொடுக்கிறார்கள். பதின்மூன்று பேர் பதினேழு பேருக்கு. ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்று நாள். பத்துச் சுற்றில், அதாவது ஒரு மாதத்தில், ஆரம்பத்தில் பத்தாக இருந்தது ஒவ்வொரு சுற்றுக்கும் 140-ஐ நெருங்கிவிடும். மெதுவாகத் தொடங்கித் திடீரென்று ஆஸ்பத்திரி நிரம்பி வழிவது இப்படித்தான்.

இப்போது பாதிப் பேருக்கு ஊசி போடுவோம். ஊசியும் பாதிதான் வேலை செய்யட்டும். பாதியில் பாதி கால். 1.3-ல் காலைக் கழித்தால் 0.975. ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. பத்துப் பேர் பத்துப் பேருக்குக்கூடக் கொடுக்க முடியவில்லை, அலை எழும்பாமலே தேய்கிறது. இதே கால் பங்கைத் தட்டம்மையின் 12-லிருந்து கழித்துப் பாருங்கள், 9 மிச்சம் இருக்கும், ஊரே படுத்துவிடும். அதனால்தான் தட்டம்மைக்கு மிக வலுவான ஊசியும் 95 சதவீதம் பேரும் தேவைப்படுகிறார்கள். ஃப்ளூ ஊசியை அம்மை, போலியோ ஊசிகளோடு ஒப்பிடுபவர்கள் விட்டுவிடுகிற இடம் இதுதான். ஊசி எவ்வளவு வலுவானது என்று மட்டும் பார்த்தால் போதாது, எதிராளி எவ்வளவு வலுவானவன் என்றும் பார்க்க வேண்டும். பரவுவதில் ஃப்ளூ மெலிந்த ஆள்.

காகிதத்தில் போட்ட கணக்கு ஊரில் அப்படியே பலிக்காது என்பதும் உண்மைதான். மக்கள் சீராகக் கலந்து பழகுவதில்லை. நோய் வராமல் தடுக்கும் அளவுக்கு மற்றவர்களுக்குப் பரவுவதை ஊசி தடுக்கும் என்றும் சொல்ல முடியாது. கெட்ட வருடங்களில் அந்த 1.3 இன்னும் மேலே போகும். அதனால் ஃப்ளூவை ஊசியால் ஒழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அலையின் உச்சத்தைத் தட்டிக் குறைக்கலாம், அதற்கு முழுமையான ஊசி வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறேன். பரவும் வேகத்தில் கொஞ்சம் கை வைத்தாலே ஃப்ளூ எப்படி ஆட்டம் காணும் என்பதை 2020-ல் நேரிலேயே பார்த்தோம். கோவிட்டுக்காகப் பள்ளிகளை மூடி, முகக்கவசம் போட்டு, பயணங்களை நிறுத்தியபோது கோவிட் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஃப்ளூவோ உலகம் முழுக்கக் கிட்டத்தட்டக் காணாமல் போனது. அதில் பி/யமகட்டா என்ற ஒரு வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்குமே தென்படவில்லை. அதனால் நான்கு வகை வைரஸ்களுக்கு எதிராக வந்துகொண்டிருந்த ஊசி இப்போது மறுபடி மூன்று வகைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இது ஊசியின் சாதனை இல்லை, ஆனால் ஊசி மோதுகிற எதிராளி எப்படிப்பட்டவன் என்பதைக் காட்டுகிறது.

அப்படியானால் யாருக்குப் போட்டால் பரவல் அதிகம் குறையும்? குழந்தைகளுக்கு. வைரஸைப் பெரியவர்களைவிட அதிகமாகவும் அதிக நாளும் வெளியே விடுபவர்கள் அவர்கள். பள்ளியில் வாங்கி வீட்டில் தாத்தா பாட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களும் அவர்களே. இதைச் செய்து பார்த்த நாடு ஜப்பான். 1960-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போடத் தொடங்கி, பிறகு கட்டாயமாக்கி, 1987-ல் கட்டாயத்தைத் தளர்த்தி, 1994-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பெரிய பலன் தெரியவில்லை, பக்க விளைவு பற்றி வழக்குகள் வேறு என்பது அப்போதைய நியாயம். 2001-ல் வெளியான ஓர் ஆய்வு இறப்புப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டியது. பிள்ளைகளுக்கு ஊசி போட்ட ஆண்டுகளில் குளிர்காலக் கூடுதல் மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன, நிறுத்திய பிறகு ஏறியிருந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 420 பிள்ளைகளுக்குப் போட்டதில் ஒரு மரணம் தடுக்கப்பட்டிருக்கிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதே காலத்தில் வேறு மாற்றங்களும் நடந்திருக்கும், எல்லாப் பெருமையும் ஊசிக்கா என்று அந்த ஆய்வை விமர்சித்தவர்கள் உண்டு. அந்தச் சந்தேகம் நியாயம்.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல அமைந்த ஆய்வு கனடாவில் நடந்தது. ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே தனித்தனிக் குடியிருப்புகளாக, பொதுச் சொத்து, பொதுச் சாப்பாட்டுக்கூடம் என்று சேர்ந்து வாழ்கிறார்கள். வெளியுலகத் தொடர்பு குறைவு. ஒருவருக்கு நோய் வந்தால் எல்லோருக்கும் ஓடும். தொற்றுநோய் ஆய்வுக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. 2008-09 பருவத்தில் 49 குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி. மற்றவற்றில் அதே வயதுப் பிள்ளைகளுக்கு, ஒப்பிடுவதற்காக, ஹெபடைடிஸ் ஏ ஊசி. எந்தக் குடியிருப்புக்கு எது என்று போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியாது. அப்புறம் அவர்கள் பார்த்தது ஊசி போட்ட பிள்ளைகளை மட்டும் இல்லை, ஊசியே போடாத மற்றவர்களையும். பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில், ஊசி போடாதவர்களுக்கு ஃப்ளூ வருவது 61 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த எண்ணை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஊசியைத் தன் கையில் போட்டுக்கொண்டால் கிடைக்கும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிற அந்த ஐம்பது, அறுபது சதவீதப் பாதுகாப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டுக்கொண்டதால் மட்டுமே கிடைத்திருக்கிறது. பிரிட்டன் 2013-லிருந்து படிப்படியாகப் பிள்ளைகளுக்கு மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்தைக் கொடுத்து வருவதற்கும் இந்த நியாயம்தான் அடிப்படை.

"வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்" என்பதற்கு என் மறுப்பு இங்கேதான். மிகவும் வேண்டியவர்களில் ஒரு பகுதியினரால் போட்டுக்கொள்ளவே முடியாது, அல்லது போட்டும் உடம்பு பதில் சொல்லாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. கீமோதெரபியில் இருப்பவருக்கும் எண்பது வயதைத் தாண்டியவருக்கும் ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாவதில்லை. இவர்களுக்கான பாதுகாப்பை அடுத்தவர்தான் கொடுக்க முடியும். குழந்தை விஷயத்தில் அந்த அடுத்தவர் தாய். வங்கதேசத் தலைநகர் டாக்காவில் 340 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு, முதல் ஆறு மாதத்தில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக வந்தது. தாயின் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. கர்ப்பிணிக்கே ஃப்ளூ வந்தால் அது மற்றவர்களைவிடக் கடுமையாகும் என்பது 2009 பெருந்தொற்றில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஒரே ஊசியில் இரண்டு உயிர்களுக்குப் பாதுகாப்பு.

மருத்துவமனைப் பணியாளர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ மற்றவர்களுக்குத் தொற்றும். லேசான தொண்டைக் கரகரப்போடு டியூட்டிக்கு வரும் நர்ஸோ டாக்டரோ வார்டு முழுக்கக் கொண்டுபோய்விடலாம்.

இனி, ஏன் வருடாவருடம், ஏன் பாதிதான் பலன் என்பதற்கு வருகிறேன். லண்டனில் 1933-ல் மனிதர்களின் ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள், ஃபெரெட் என்ற கீரி போன்ற சிறு பிராணியை வைத்து. அமெரிக்காவில் தாமஸ் பிரான்சிஸும், பின்னாளில் போலியோ ஊசியால் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க்கும் உருவாக்கிய ஊசி ராணுவத்தில் சோதிக்கப்பட்டு 1945-ல் பொதுமக்களுக்கு அனுமதி பெற்றது. இரண்டே வருடம். 1947-ல் பரவிய வைரஸிடம் அந்த ஊசி எடுபடவில்லை. வைரஸ் மாறிவிட்டிருந்தது.

ஃப்ளூ வைரஸின் மேல்புறத்தில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். நம் செல்லுக்குள் நுழைய அது பயன்படுத்துவது இதைத்தான், நம் உடம்பு அடையாளம் வைத்துக்கொள்வதும் இதைத்தான். வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்வதில்லை. பிழைகள் சேரச் சேர அந்த முள்ளின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, நேற்றைய எதிர்ப்புச் சக்திக்குப் பிடிபடாமல் போகிறது. இதைக் கண்காணிக்கவே உலக சுகாதார நிறுவனம் 1952-ல் ஒரு ஆய்வக வலைப்பின்னலைத் தொடங்கியது. இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் இருக்கின்றன. நோயாளிகளின் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகள் வருடம் முழுக்க அங்கே போய்க்கொண்டே இருக்கும். பிப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தெற்கு அரைக்கோளத்துக்கும், அடுத்த பருவத்தின் ஊசியில் எந்தெந்த வைரஸ் இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள்.

முடிவுக்கும் ஊசிக்கும் நடுவே சுமார் ஆறு மாதம் ஓடிவிடும். காரணம் கோழிமுட்டை. உலகின் பெரும்பாலான ஃப்ளூ ஊசி இன்றும் முட்டையில்தான் தயாராகிறது. தேர்ந்தெடுத்த வைரஸை, முட்டையில் நன்றாக வளரக்கூடிய, 1934-ல் போர்ட்டோ ரீக்கோவில் எடுத்த ஒரு பழைய வைரஸோடு கலந்து, மேல்முள் புதியதாகவும் உள்ளே பழையதாகவும் ஒரு கலப்பை உருவாக்குவார்கள். அதை அடைகாத்து 9 முதல் 11 நாளான, உள்ளே குஞ்சு உருவாகிக்கொண்டிருக்கும் முட்டைகளின் ஓட்டில் துளை போட்டுச் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாள் கதகதப்பில் வைத்துக் குளிரூட்டி, ஓட்டின் தலையைச் சீவி, வைரஸ் நிறைந்த திரவத்தை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு ஃபார்மாலின் போன்ற ரசாயனத்தால் வைரஸைக் கொன்று, உடைத்து, சுத்திகரித்து, ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம் ஹீமக்ளூட்டினின் என்று அளந்து அடைக்கிறார்கள். ஒரு டோஸில் ஒரு வகைக்குக் கிட்டத்தட்ட ஒரு முட்டை. கோடிக்கணக்கான டோஸுக்கு எத்தனை முட்டை, அதற்கு எத்தனை கோழி என்று யோசித்தால், ஏன் ஒரு வருடம் முன்பே திட்டமிட வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

இந்த ஆறு மாதத்தில் வெளியே வைரஸ் மேலும் மாறலாம், 2014-15-ல் நடந்தது அதுதான். முட்டைக்குள் வளர்வதற்காக வைரஸே தன் முள்ளைச் சற்று மாற்றிக்கொள்வதும் உண்டு. எச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸ் வகையில் இது ஒரு தீராத தலைவலி, அந்த வகை ஓங்கும் வருடங்களில் ஊசியின் பலன் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டையை விட்டுச் செல் வளர்ப்பில் தயாராகும் ஊசி, மரபணு முறையில் புரதத்தை மட்டும் தயாரிக்கும் ஊசி, முதியவர்களுக்கு நான்கு மடங்கு அளவு கொண்ட ஊசி, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசி எல்லாம் வந்துவிட்டன. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அளவு கூடிய ஊசியோ துணைப்பொருள் சேர்த்த ஊசியோ கிடைக்குமானால் அதைப் போட்டுக்கொள்வது நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரண ஊசியே போதும், காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அரசுகள் வெளியே அதிகம் சொல்வதில்லை, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1918, 1957, 1968, 2009 என்று முற்றிலும் புதிய ஃப்ளூ வைரஸ் பெருந்தொற்றாகக் கிளம்பிய வரலாறு இருக்கிறது. மறுபடி கிளம்பும். அன்றைக்கு ஊசி வேண்டுமென்றால் இன்றைக்குத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், குளிர்பதன வசதியும் ஊசி போடப் பழகிய ஆட்களும் இருக்க வேண்டும். வருடாவருடம் வாங்குபவர் இருந்தால்தான் தொழிற்சாலை ஓடும். 2006-ல் உலக சுகாதார நிறுவனம் பத்தாண்டுத் திட்டம் போட்டு, பருவகால ஊசியின் பயன்பாட்டைக் கூட்டுவதையும் உற்பத்தித் திறனைப் பெருக்குவதையும் ஒன்றாகவே முன்வைத்ததன் காரணம் இதுதான்.

எதிர்ப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஃப்ளூ ஊசிக்கு அதன் ஆதரவாளர்களே செய்த கெடுதல் ஒன்று உண்டு, மிகைப்படுத்தல். முதியவர்கள் ஊசி போட்டுக்கொண்டால் குளிர்கால மரணம் பாதியாகக் குறையும் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். குளிர்கால மரணங்களில் ஃப்ளூவின் பங்கே பத்து சதவீதத்துக்குள் இருக்கும்போது ஊசி எப்படிப் பாதியைக் குறைக்கும்? அமெரிக்காவில் முதியவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 1980-க்கு முன் இருந்த 15 சதவீதத்திலிருந்து 2001-ல் 65 சதவீதமாக உயர்ந்தும், அதற்கேற்ப மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2005-ல் ஓர் ஆய்வு காட்டியது. நடமாட முடிந்த, உடம்பைக் கவனித்துக்கொள்கிற முதியவர்தான் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொள்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது கிடைப்பதில்லை. இரண்டு பேரையும் ஒப்பிட்டால் ஊசி இல்லாமலே முதலாமவர்தான் அதிக நாள் இருப்பார். இதைக் கண்டுபிடித்த பிறகு ஆய்வு முறைகள் திருந்தின. இப்போது பெரும்பாலும் ஃப்ளூ போன்ற அறிகுறியோடு வந்தவர்களை மட்டும் எடுத்து, பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களையும் ஆகாதவர்களையும் ஒப்பிடுகிறார்கள். இன்று நாம் சொல்லும் 40-60 என்ற அடக்கமான எண் அப்படி வந்ததுதான், அதனாலேயே நம்பத் தகுந்தது.

பக்க விளைவுகளில் பொருட்படுத்த வேண்டியவை இரண்டு. 1976-ல் அமெரிக்காவில் ஒரு ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் தென்பட்டதும், பெருந்தொற்று வரப்போகிறது என்று அஞ்சி அவசரமாக 4 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். பெருந்தொற்று வரவில்லை. நரம்புகளைத் தாக்கிக் கைகால்களைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் கீலன்-பாரே நோய், ஒரு லட்சம் பேருக்குச் சுமார் ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது. திட்டத்தை டிசம்பரிலேயே நிறுத்தினார்கள். இன்றைய ஊசிகளில் அப்படி ஏதும் இருந்தால் அது பத்து லட்சத்துக்கு ஒன்று, இரண்டு. ஃப்ளூ நோயே இதைவிட அதிகமாக அந்த நரம்பு நோயைக் கொண்டுவருகிறது. இரண்டாவது, 2009 பெருந்தொற்றில் ஐரோப்பாவில் போட்ட பேன்டம்ரிக்ஸ் என்ற ஊசிக்குப் பிறகு பின்லாந்திலும் ஸ்வீடனிலும் பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் நார்கோலெப்சி என்ற, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய் கூடியது. அந்த ஊசி இப்போது பயன்பாட்டில் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதை முதலில் கவனித்துச் சொன்னதும் அந்நாட்டுச் சுகாதாரத் துறையினரும் மருத்துவர்களும்தான் என்பதால், கண்காணிப்பு வேலை செய்கிறது என்ற நம்பிக்கையும் எனக்கு அதில்தான் வருகிறது. இவை போக, சாதாரணமாக வருவது ஓரிரு நாள் கைவலி, லேசான காய்ச்சல், அசதி. "ஊசி போட்டதால்தான் ஃப்ளூ வந்தது" என்பது நடக்காது, அதில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும், அதற்குள் ஃப்ளூவோ வேறு சளி வைரஸோ தொற்றியிருக்கலாம்.

கட்டாயமாக்க வேண்டுமா என்றால், பொதுமக்களுக்கு வேண்டாம் என்பேன். வருடாவருடம் கட்டாயப்படுத்த இந்த ஊசியின் பலன் போதாது, கட்டாயத்தால் வரும் கசப்பு மற்ற தடுப்பூசிகளையும் பாதிக்கும். ஆனால் விருப்பத்துக்கு விடுவது என்பதும் கைவிடுவது என்பதும் ஒன்றில்லை. ஊசியின் விலையை ஏழை முதியவரின் தலையில் கட்டி, அவர் வேலை நாளில் வரிசையில் நிற்க வேண்டும் என்றால் அது விருப்பம் ஆகாது. இலவசமாக, வீட்டருகே, கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே, பள்ளியிலேயே, சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் இடத்திலேயே கிடைக்கச் செய்வதுதான் அரசின் வேலை. ஒன்டாரியோ 2000-ல் எல்லா வயதினருக்கும் இதை இலவசமாக்கியது. எல்லோருக்கும் பணம் போதாத நாடுகள், மருத்துவப் பணியாளர், கர்ப்பிணிகள், முதியவர்கள், நாட்பட்ட நோயுள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமை சொல்பவர்களிடமிருந்து தொடங்கலாம். மருத்துவப் பணியாளர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். நோயாளி அவர்களைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை.

போட்டுக்கொள்ள முடிவு செய்பவர்களுக்குச் சில விஷயங்கள். பாதுகாப்பு சில மாதங்களில் தேயத் தொடங்கும் என்பதால், உங்கள் பகுதியில் ஃப்ளூ ஏறும் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பு போடுவது சிறந்தது. குளிர்நாடுகளில் அது குளிர்காலத்துக்கு முன். வெப்ப மண்டலத்தில் மழைக்காலத்தை ஒட்டியும், சில இடங்களில் வருடத்தில் இரண்டு முறையும் ஃப்ளூ ஏறும், மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆறு மாதம் முதல் ஒன்பது வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் தேவை. முட்டை அலர்ஜி இருந்தாலும் போடலாம், அமெரிக்காவில் 2023-லிருந்து அதற்கென்று தனி எச்சரிக்கைகூட இல்லை. முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடுமையான ஒவ்வாமை வந்தவர்களும், கீலன்-பாரே வந்தவர்களும் மருத்துவரிடம் பேசாமல் போடக்கூடாது. மூக்கில் தெளிக்கும் மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ், அதனால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் அது ஆகாது. கடும் காய்ச்சல் அடிக்கும் நாளில் தள்ளிப்போடுங்கள், லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். போன பருவத்து ஊசி இந்தப் பருவத்துக்கு உதவாது. எந்த அரைக்கோளத்துக்கான, எந்த வருடத்து ஊசி என்பதும் காலாவதித் தேதியும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், போடுவதற்கு முன் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.